பத்து மீட்டரும் எட்டு மில்லிமீட்டரும்

கைத்துப்பாக்கிப் போட்டிகளுள் புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் முதலில் கற்பது பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியாகும். அதில் சுடுபவர் நிற்கும் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி, 1.4 மீட்டர் உயரத்தில் இலக்கு அமைக்கப்படுகிறது. அதன் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஏறத்தாழ ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. சுடப்படும் ஈயக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. என்பதாலும், குண்டின் விளிம்பு வளையக் கோட்டைத் தொட்டாலே அந்த வளையத்துக்குரிய மதிப்பெண் கிடைத்துவிடும் என்பதாலும், குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகியிருந்தாலும் அது பத்தாகவே கணக்கிடப்படும். பத்து மீட்டருக்கு 8 மி.மீ. என்பது 1,250-க்கு 1 என்னும் விகிதம். செஞ்சியில் ஏறத்தாழ 800 அடி உயர்ந்து நிற்கும் ராஜகிரியின் உச்சியை ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்று நோக்கும் ஒருவருக்கு, இதே விகிதம் அங்கே இருபுறமும் 80 செ.மீ. ஆக விரியும்; உச்சியிலுள்ள ஒரு வாயிலைக் கீழிருந்து குறிவைத்து, பார்வைக் கோட்டை நீட்டும் ஒவ்வொரு முறையும் அது வாயிலின் இரு நிலைகளுக்கு இடையிலேயே போய்ச் சேருமாறு 60 முறை செய்வதற்கு ஒப்பான வேலை இது. அதையும் ஒரே கையால், எவ்விதத் தாங்கலும் இன்றி, ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தோள் உயரத்தில் நீட்டிப் பிடித்தபடி செய்தாக வேண்டும்.

இத்தகைய வேலைக்குத் தேவை அசையாத கை என்றே பார்ப்பவர் நினைப்பர். அசையாத கை எவருக்கும் இல்லை. உலகச் சாதனையாளருக்கும் இல்லை. கை அசையும் என்பதை ஏற்றுக்கொண்டு, எந்த அசைவு பெருங்கேடு செய்கிறது, எந்த அசைவு பார்வைக்கு மட்டும் அச்சுறுத்துகிறது என்று பிரித்தறிவதிலிருந்துதான் முன்னேற்றம் தொடங்குகிறது. பயிற்சியில் செலவாகும் நேரத்தில் பெரும்பகுதி வீணாவதற்குக் காரணம் இந்தப் பகுப்பு பலருக்கும் தெளிவாகச் சொல்லித்தரப்படாமையே ஆகும்.

குண்டு ஏன் குறி தவறுகிறது என்னும் கேள்வி செஞ்சிக்கும் அதனை அடுத்த கடற்கரைக்கும் புதிதன்று. மராத்திய அரசர் ராஜாராம் செஞ்சிக் கோட்டையில் இருந்தபோது, 1690-இல், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையைச் சுற்றி எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அளவுகோலாகக் கொள்ளப்பட்டது பீரங்கிக் குண்டு பாயும் தூரம்; கோட்டையிலிருந்து பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டு, குண்டு சென்று விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் கம்பெனிக்கு உரியவையாயின. அவ்வூர்களுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயரும் நிலைத்தது. குறி என்று ஒன்றே இல்லாமல், விழுந்த இடமே எல்லை என்று கொண்ட அந்தச் சுடலுக்கும், பொத்தான் அளவு வட்டத்தைத் தேடும் இன்றைய சுடலுக்கும் இடையே நிற்கும் அறிவியலைத் தொடங்கிவைத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742-இல் வெளியான அவரது பீரங்கியியல் நூல், குண்டின் வேகத்தை அளக்க ஊசல் ஒன்றைப் பயன்படுத்தும் முறையை விளக்கியது; கணித மேதை ஆய்லர் 1745-இல் அதை ஜெர்மானிய மொழியில் பெயர்த்து, நீண்ட விளக்கவுரையும் சேர்த்தார். கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்று ராபின்ஸ் 1750-இல் அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் காய்ச்சல் கண்டு ராபின்ஸ் அங்கேயே இறந்தார். 2025-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டனுள் தமிழகத்தில் உள்ளது செஞ்சி ஒன்றே என்பதைப் பெருமையோடு பேசும் இவ்வேளையில், இவ்வட்டாரத்தில் வாழ்வு முடிந்த ராபின்ஸையும் நினைவில் கொள்வது தகும்.

அவர் கண்டறிந்தது இதுதான். அக்காலத் துப்பாக்கிக் குழல் உட்புறம் வழுவழுப்பானது. உருண்டைக் குண்டு குழலின் சுவரில் உரசியும் மோதியும் வெளியேறும்போது, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அச்சில் சுழலத் தொடங்கும். சுழலும் குண்டைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். குழலின் முனையைச் சற்றே இடப்புறம் வளைத்துச் சுட்டு, குண்டு முதலில் இடப்புறம் சென்று, பின்பு வலப்புறமாக வளைவதைக் காகிதத் திரைகளில் விழுந்த துளைகளைக் கொண்டு அவர் காட்டினார். குழலுக்குள் திருகுமரை போன்ற பள்ளங்களை வெட்டி, குண்டு செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு அதைச் சுழலவைத்தால் இக்கோளாறு நீங்கும் என்று 1747-இல் அவர் விளக்கினார். இன்றைய ஏர் பிஸ்டலின் குழலில் இருப்பது அந்த மரைதான். அதிலிருந்து புறப்படும் ‘பெல்லட்’ என்னும் ஈயக் குண்டு, இடை சிறுத்து உடுக்கை போன்ற வடிவம் கொண்டது. தட்டையான தலை காகிதத்தில் வட்டமான துளையைப் பிசிறின்றி வெட்டும். அழுத்தப்பட்ட காற்றால் உந்தப்பட்டு, நொடிக்கு ஏறத்தாழ 150 மீட்டர் வேகத்தில் செல்லும் அது, பத்து மீட்டரைக் கடக்கும் நேரத்தில் இரண்டு செ.மீ.க்கும் சற்று அதிகமாகக் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கம் எப்போதும் ஒன்றுபோல் இருப்பதால் குறியமைப்பைத் திருகிச் சரிசெய்துகொள்ள முடிகிறது. தரமான ஒரு ஏர் பிஸ்டலை இரும்புப் பிடியில் இறுக்கிச் சுட்டால், குண்டுகள் ஏறக்குறைய ஒரே துளையின் வழியே செல்கின்றன. ராபின்ஸ் காலத்தில் குழலுக்குள் இருந்த பிழை இன்று அங்கே இல்லை. எஞ்சியிருப்பது அனைத்தும் சுடுபவரின் கண்ணிலும் கையிலும் விரலிலும் உள்ள பிழையே ஆகும்.

அந்தப் பிழைகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. பிஸ்டலின் குழல்முனையில் நிமிர்ந்து நிற்கும் சிறு தகட்டை முன்குறி என்றும், கைப்பிடிக்கு மேலே, நடுவில் சதுரப் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும் தகட்டைப் பின்குறி என்றும் கொள்ளலாம். பள்ளத்தின் நடுவில் முன்குறி நின்று, அதன் இருபுறமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிந்து, இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது, குழல் பார்வைக் கோட்டோடு ஒத்து நிற்கிறது. கொத்தனார் நூல் பிடித்து மட்டம் பார்ப்பது போன்ற ஒரு வேலை இது. இரு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 33 செ.மீ. இந்த 33 செ.மீ.க்குள் முன்குறி 1 மி.மீ. ஒருபக்கம் நகர்ந்துவிட்டால், பத்து மீட்டர் தள்ளியுள்ள இலக்கில் அப்பிழை முப்பது மடங்காகப் பெருகி, குண்டு மையத்திலிருந்து 30 மி.மீ. தள்ளிப்போய் ஏழாம் வளையத்தில் விழும். பத்தாம் வளையத்தின் எல்லையான 8 மி.மீ.க்கு ஈடான முன்குறி விலகல் கால் மில்லிமீட்டரை ஒட்டியதே.

குறிகள் இரண்டும் சீராக ஒன்றியிருந்து, ஒன்றியபடியே அவை இலக்கின் மேல் அங்குமிங்கும் மிதப்பது வேறு வகைப் பிழை. இதில் பெருக்கம் எதுவும் இல்லை: இலக்கின் மேல் குறி 5 மி.மீ. அலைந்தால் குண்டும் 5 மி.மீ. மட்டுமே விலகும், அது பத்துதான். கண்ணின் ஏமாற்றம் இங்கேதான் நிகழ்கிறது. இலக்கின் கரிய வட்டத்துக்கு எதிரே குறி ஊசலாடுவது பெரிதாகத் தெரிந்து மனத்தைக் கலைக்கிறது. பின்குறிப் பள்ளத்துக்குள் முன்குறி நூலளவு சாய்வதோ கவனத்துக்கே வருவதில்லை. முன்னதைத் திருத்தும் பரபரப்பில் பின்னதைக் கோட்டைவிடுவதே தொடக்கநிலையில் உள்ளோரின் மதிப்பெண் குறைவதற்குப் பெருங்காரணம். அனுபவமுள்ள பயிற்சியாளர் இலக்கைப் பற்றிப் பேசுவதைவிட முன்குறியைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுவதன் பின்னணி இந்த முப்பது மடங்குக் கணக்குதான்.

கண்ணின் அமைப்பும் இதற்குத் தகுந்தாற்போல் பழக்கப்பட வேண்டும். கண்ணின் வில்லை ஒரு நேரத்தில் ஒரே தூரத்தில்தான் கூர்மையாகக் குவியும். கை நீளத்தில் உள்ள பின்குறி, அதற்கு அப்பால் உள்ள முன்குறி, பத்து மீட்டரில் உள்ள இலக்கு ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் தெளிவாகத் தெரிய வழியில்லை. எனவே கூர்மை முன்குறிக்குத் தரப்படுகிறது. இலக்கு மங்கலான கரும்புள்ளியாகவே தெரியும்படி விடப்படுகிறது. வட்டம் மங்கினாலும் அதன் மையம் இடம்பெயர்வதில்லை என்பதால் இதனால் இழப்பு மிகச் சிறிது. முன்குறியின் விளிம்பு மங்கினாலோ கால் மில்லிமீட்டரை மதிப்பிடுவது இயலாது. சுடுவோரில் பலர் கரிய வட்டத்தின் நடுவைக் குறிவைக்காமல், அதற்குக் கீழுள்ள வெண்பகுதியைக் குறிவைத்து, அதற்கேற்பக் குறியமைப்பைத் திருகி வைத்துக்கொள்கின்றனர். வெண்மைக்கு எதிரே கரிய முன்குறி தெளிவாகத் தெரிவது இதன் முதற்பயன்; குறிப்பிட்ட ஒரு புள்ளியைத் துரத்தாமல் ஒரு பரப்புக்குள் மிதக்கக் கண் பழகுவது அதைவிடப் பெரிய பயன். நாற்பது வயதைக் கடந்தோருக்கு வில்லையின் நெகிழ்வு குறைந்து முன்குறி மங்குமாதலால், அத்தூரத்துக்கென அளந்து செய்த கண்ணாடி வில்லையும், ஊசித்துளை போலச் செயல்பட்டுத் தெளிவின் ஆழத்தைக் கூட்டும் சிறு துவாரமும் உதவுகின்றன. மற்றொரு கண்ணை இறுக மூடுவது முகத்தசைகளைக் களைப்படையச் செய்யும். அதன் முன்னே சிறு மறைப்பு ஒன்றைப் பொருத்திக்கொண்டு இரு கண்களையும் திறந்தே வைத்திருப்பது நல்லது.

இனி விரல். நீட்டிய கை நொடிக்கு 8 முதல் 12 முறை வரை நுண்ணியதாக நடுங்குகிறது. தசைநார்கள் விட்டுவிட்டுச் சுருங்குவதாலும் நரம்புச் சுற்றுகளின் தாளத்தாலும் எழும் இந்த நடுக்கம் உடல்நலமுள்ள எல்லோருக்கும் உரியது. இதோடு மூச்சின் ஏற்ற இறக்கமும் இதயத்துடிப்பின் அதிர்வும் உடலின் மெல்லிய சாய்வும் சேர்கின்றன. குறி ஒரு கணம் சரியான இடத்தில் நிற்பதைக் கண் பார்த்து, அதை மூளை உணர்ந்து, ‘இப்போது’ என்று விரலுக்கு ஆணையிட்டு, விரல் அசைவதற்கு ஏறத்தாழ 0.2 நொடி ஆகிறது. நொடிக்குப் பத்து முறை அசையும் கை அந்த 0.2 நொடிக்குள் இரண்டு முழு அலைவுகளை முடித்துவிடும். சரியான தருணத்தைப் பார்த்துப் பிடித்துச் சுட வேண்டும் என்னும் எண்ணம் இந்தக் கணக்கிலேயே தோற்றுப்போகிறது: கண்ட தருணம் வேறு, குண்டு புறப்படும் தருணம் வேறு. அதோடு, அவசரமாக இழுக்கப்படும் விரல் மணிக்கட்டையும் சேர்த்து இழுத்து, நடுக்கத்தால் நேரும் பிழையைவிடப் பல மடங்கு பெரிய கோணப் பிழையை உண்டாக்கிவிடுகிறது.

ஆகவே ட்ரிகர் எனப்படும் விசையைக் கையாளும் முறை வேறாக இருக்க வேண்டியதாகிறது. ஏர் பிஸ்டலின் விசையைத் தட்டக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் தேவைப்பட வேண்டும் என்பது விதி. போட்டிக்கு முன் அந்த எடையைத் தொங்கவிட்டு நடுவர் சோதிப்பார். விசையின் முதல்கட்ட இளக்கத்தை, குறி இலக்கை நோக்கி இறங்கும்போதே எடுத்துவிட்டு, குறி தன் பரப்புக்குள் அமர்ந்ததும் மீதி அழுத்தத்தைச் சீராக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அலைவு சற்றுக் கூடினாலும் நிறுத்தாமல், கண் முன்குறியிலேயே நிலைத்திருக்க, விசை எந்த நொடியில் விடுபடும் என்று சுடுபவரே முன்கூட்டி அறியாத வகையில் அது விடுபட வேண்டும். விரலின் நுனிமெத்தை மட்டுமே விசையைத் தொட்டு, குழலின் கோட்டில் நேர் பின்னோக்கி அழுத்துவதும், பிடியை இறுக்கும் மற்ற விரல்கள் அந்நேரத்தில் தம் அழுத்தத்தை மாற்றாதிருப்பதும் இதன் உறுப்புகள். கட்டைவிரலுக்கு இதில் வேலை இல்லை. சொல்வதற்கு எளிதான இதுவே ஆண்டுக்கணக்கில் பழகியும் கைகூடாமல் போவதற்குக் காரணம், குறி நன்றாகத் தெரியும்போது ‘சுட்டுவிடு’ என்று உள்ளிருந்து எழும் தூண்டுதல் மிக வலியது என்பதுதான்.

எந்தப் பிழையைத் திருத்த உழைப்பது என்பதற்கும் கணிதம் ஒரு வழி காட்டுகிறது. ஒன்றையொன்று சாராத இரு பிழைகள் சேரும்போது அவை நேர்க்கூட்டலாகச் சேர்வதில்லை; செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் கர்ணத்தைத் தருவது போல, வர்க்கங்கள் கூடி அவற்றின் மூலமே மொத்தப் பிழையாகிறது. ஒருவருக்குக் கை அலைவால் 5 மி.மீ.யும் விரல் பிழையால் 10 மி.மீ.யும் சிதறல் ஏற்படுகிறது என்று கொண்டால், மொத்தச் சிதறல் 11 மி.மீ.யை ஒட்டியிருக்கும். அவர் கடுமையாக உடற்பயிற்சி செய்து கை அலைவை முற்றிலும் ஒழித்துவிட்டாலும் (அது நடவாத காரியம்) சிதறல் 10 மி.மீ.க்கு மட்டுமே குறையும். விரல் பிழையைப் பாதியாகக் குறைத்தாலோ அது 7 மி.மீ.க்கு இறங்கிவிடும். பெரிய பிழை இருக்கும்போது சிறிய பிழையோடு மல்லுக்கட்டுவது கிட்டத்தட்டப் பயனற்றது. தோளுக்கு எடைப்பயிற்சி செய்வதில் மாதக்கணக்கில் செலவிட்டும் மதிப்பெண் ஏறவில்லை என்று வருந்துவோருக்கு இந்த முக்கோணத்தை ஒருமுறை வரைந்து காட்டினால் போதும்.

உடலின் நிலையைப் பற்றி நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதைச் சுருக்கமாகவே கூறலாம். கால்கள் தோளகலத்துக்கு ஊன்றி, எடை இரு பாதங்களிலும் சமமாக இறங்க வேண்டும். சும்மா இருக்கும் கை ஊசலாடாமல் இடைவாரிலோ சட்டைப்பையிலோ அடங்கியிருக்க வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையர் போட்டியில் வெள்ளி வென்ற துருக்கி வீரர் யூசுப் டிகேச் கையைப் பையில் விட்டபடி நின்றதை உலகமே அலட்சியமான கம்பீரம் என்று வியந்தது. உண்மையில் அது எல்லாச் சுடுதளங்களிலும் முதல் நாளே சொல்லித்தரப்படும் ஒன்று. நின்ற நிலையில் கண்களை மூடி, கையை உயர்த்தி, கண் திறந்து பார்க்கும்போது குறி இலக்கின் இடப்புறமோ வலப்புறமோ நின்றால், கையைத் திருப்பாமல் பின்காலைச் சற்று நகர்த்தி உடல் முழுவதையும் திருப்புவது முறை. கையைத் திருப்பி நிறுத்தினால் தசை அதைத் தொடர்ந்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். விசை விடுபடும் கணத்தில் அது பழைய இடத்துக்கே திரும்ப முயலும். மூச்சைப் பாதி விட்டு, அடுத்த மூச்சுக்கு முன் இயல்பாகவே வரும் இடைவெளியைச் சில நொடிகள் நீட்டி, அதற்குள் சுட்டுவிட வேண்டும். எட்டு, பத்து நொடிகளைக் கடந்தால் பார்வையின் கூர்மையும் தசையின் உறுதியும் குறையத் தொடங்கும்.

இதயத்துடிப்பைப் பற்றிப் பரவலாக உள்ள எண்ணம் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். படபடப்புதான் பகை, துடிப்பைக் குறைத்தால் குறி தப்பாது என்று பலர் கருதுகின்றனர். 1986-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு வகை மருந்து ஒன்றைப் பிஸ்டல் வீரர் 33 பேருக்குக் கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் பெறத் தவறியிருந்த மதிப்பெண்களில் சராசரியாக 13 விழுக்காடு மீண்டது. ஆனால் துடிப்பு எவ்வளவு குறைந்தது என்பதற்கும் மதிப்பெண் எவ்வளவு கூடியது என்பதற்கும் தொடர்பே காணப்படவில்லை. கை நடுக்கம் தணிந்ததே காரணம் என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். இத்தகைய மருந்துகள் இவ்விளையாட்டில் முற்றிலும் தடைசெய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரிய வீரர் ஒருவர் தாம் வென்ற வெள்ளி, வெண்கலம் இரண்டையும் இதனால் இழந்தார். மருந்தில்லாமல் சுடும் நேர்மையான வீரருக்கு இதில் கிடைக்கும் செய்தி வேறு: நெஞ்சு படபடக்கும்போதும் நன்றாகச் சுட முடியும், படபடப்பை அடக்க முயன்று கவனத்தை நெஞ்சின் மேல் வைப்பதுதான் முன்குறியிலிருந்து கண்ணைப் பிரித்துவிடுகிறது.

பயிற்சிக்கு வருவோம். பயிற்சி என்றால் நிறையக் குண்டுகளைச் சுடுவது என்ற எண்ணம் இவ்விளையாட்டில் பெருந்தீங்கு செய்கிறது. குண்டு இல்லாமல், இலக்கும் இல்லாமல், வெண்சுவரை நோக்கி நின்று கையை உயர்த்தி, குறிகளை ஒன்றி, விசையைச் சீராக அழுத்தி, விசை விடுபடும் கணத்தில் முன்குறி துள்ளுகிறதா என்று மட்டும் கவனிப்பது ‘டிரை ஃபயரிங்’ எனப்படும் வெற்றுச் சுடுதல். மதிப்பெண் இல்லாததால் அவசரம் இல்லை. இலக்கு இல்லாததால் கண் முன்குறியை விட்டு ஓடுவதில்லை. சுடும்போது எழும் சத்தத்தாலும் அதிர்வாலும் மறைந்துபோகும் விரல் பிழை இங்கே வெட்டவெளிச்சமாகிறது. துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் குழலைத் திறந்து பார்த்து உறுதிசெய்த பின்பே, ஆள் நடமாட்டம் இல்லாத சுவரை நோக்கி மட்டுமே இதைச் செய்ய வேண்டும் என்பதில் எள்ளளவும் விலக்கு கிடையாது. மற்றொரு பயனுள்ள முறை, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, அவர் சில முறை குண்டிட்டும் சில முறை இடாமலும் துப்பாக்கியைத் தருவது: குண்டில்லாத முறையில் குழல்முனை தலைகுனிந்தால், குண்டை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே இறுகுகிறது என்பதற்குச் சான்று கிடைத்துவிடும்.

குண்டோடு சுடும்போது வளர்த்துக்கொள்ள வேண்டிய திறன், திரையில் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று சொல்வதாகும். விசை விடுபட்ட பின்னும் ஓரிரு நொடிகள் கையை இறக்காமல் அதே நிலையில் நிற்பதன் நோக்கங்களுள் ஒன்று, முன்குறி கடைசியாக நின்ற இடத்தை மனத்தில் பதித்துக்கொள்வது. சொன்ன இடமும் விழுந்த இடமும் பொருந்தினால், அது எட்டாக இருந்தாலும், அந்தச் சுடலில் அறிய வேண்டியது அறியப்பட்டுவிட்டது. பொருந்தாமல் பத்து விழுந்தால் அது தற்செயல். ஒரு குண்டு விலகியதுமே குறியமைப்பைத் திருகுவது தவறு. சிதறல் இயல்பாகவே உள்ள ஒன்றில் ஒரு குண்டு எதையும் நிறுவாது. பத்துக் குண்டுகளின் கூட்டம் ஒட்டுமொத்தமாக ஒருபக்கம் தள்ளியிருந்தால் மட்டுமே திருகுவதற்கு நியாயம் உண்டு. இவற்றையெல்லாம் அன்றாடம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பவர், எழுதாதவரைவிட விரைவில் தம் பெரிய பிழை எது என்று கண்டுகொள்கிறார்.

கை என்பது பயிற்சியால் ஆக்கப்படுவது என்பதற்கு ஹங்கேரியின் கரோலி தகாச்சைவிடப் பெரிய சான்று இல்லை. 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கை சிதைந்த அந்தப் படைவீரர், இடக்கையால் சுடக் கற்றுக்கொண்டு, 1948, 1952 ஆகிய இரு ஒலிம்பிக்குகளிலும் விரைவுப் பிஸ்டல் போட்டியில் தங்கம் வென்றார். வலக்கையின் தசைகள் கற்றவை அழிந்துபோனாலும், கண் கற்றதும் விசையைப் பற்றி மூளை கற்றதும் அழியாமல் இடக்கைக்கு மாறின என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டும்.

செஞ்சியிலோ மேல்மலையனூரிலோ வசிக்கும் ஒரு மாணவிக்கு, மின்னணு இலக்குகள் கொண்ட சுடுதளம் சென்னையில்தான் கிட்டும் என்றால், அது ஏறத்தாழ 150 கி.மீ. பயணம். ஆயினும் மேலே விரித்தவற்றுள் முன்குறியில் கண்ணை நிறுத்துவது, விசையைச் சீராக ஏற்றுவது, நிற்கும் நிலை, மூச்சின் ஒழுங்கு, கையை நீட்டிப் பிடிக்கும் உறுதி ஆகிய அனைத்தும் வீட்டுச் சுவரை நோக்கியே கற்கக்கூடியவை. குண்டோடு சுடுவதற்கும் இப்போட்டிக்குத் தேவைப்படுவது பத்து மீட்டர் நீளம் மட்டுமே. ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரம் அதைவிட நீளமானது. பின்னால் உறுதியான தடுப்பும், குறுக்கே வழியில்லாத அடைப்பும், கண்ணுக்குக் காப்பும், பயின்ற ஒருவரின் மேற்பார்வையும் இருந்தால், மாவட்டத் தலைநகர்களில் மட்டுமல்லாமல் சிற்றூர்களிலும் இது நடக்க முடியும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ஏர் ரைஃபிளில் 2019-ஆம் ஆண்டு உலகக் கோப்பைத் தங்கம் வென்றது அகமதாபாத்தில் வளர்ந்து, அங்கே கிடைத்த பயிற்சியால்தான். வடதமிழ்நாட்டின் மாவட்டங்களில் அத்தகைய தாழ்வாரங்கள் சில இருந்தால், பிறந்த மண்ணிலேயே பயின்று அந்த உயரத்தை அடைவது பிள்ளைகளுக்கு எட்டாததாக இராது.

போட்டி நாளுக்கென்று தனியாகப் பழக வேண்டியது ஒன்று உண்டு: சுடாமல் கையை இறக்குவது. தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தரப்படுகிறது. ஒரு குண்டுக்கு 75 நொடி. கையை உயர்த்திச் சுட்டு முடிக்கப் பத்து, பன்னிரண்டு நொடி போதும் என்பதால், குறி அமராத முயற்சியைக் கைவிட்டு, துப்பாக்கியை மேசையில் வைத்து, மூச்சுவிட்டு மீண்டும் தொடங்க நேரம் தாராளமாக இருக்கிறது. எனினும் இறக்குவதற்குக் கூச்சப்பட்டுச் சுட்டுவிடும் குண்டுகளே எட்டுகளாகவும் ஏழுகளாகவும் விழுகின்றன. பயிற்சியின்போது பத்து முயற்சிகளில் இரண்டு மூன்றை வேண்டுமென்றே பாதியில் இறக்கிப் பழகுவதால் இந்தக் கூச்சம் போகும். அந்த நேர வளம் பறிபோனால் என்ன ஆகும் என்பதை டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் அனுபவித்தார்: தகுதிச் சுற்றின் நடுவே துப்பாக்கி பழுதாகி, அதைச் சரிசெய்வதிலேயே கால் மணி நேரத்துக்கும் மேல் போய்விட, எஞ்சிய குண்டுகளை விரைந்து சுட நேர்ந்து, 575 புள்ளிகளோடு 12-ஆம் இடத்தில் நின்றார், இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளிகளே குறைவு.

மூன்றாண்டு கழித்து, ஜஸ்பால் ராணாவின் பயிற்சியில் பாரிஸுக்குச் சென்ற அவர், தகுதிச் சுற்றில் 580 புள்ளிகள் எடுத்தார். 60 குண்டுகளில் குறைந்தது 40 பத்தாம் வளையத்தில் விழாமல் அந்த எண்ணை எட்ட முடியாது. 2024 ஜூலை 28 அன்று நடந்த இறுதிச் சுற்றில், ஒவ்வொரு வளையமும் பத்துப் பங்காகப் பிரிக்கப்பட்டுத் தசமப் புள்ளிகளில் கணக்கிடப்படும் முறையில், 22 குண்டுகளுக்கு 221.7 எடுத்து வெண்கலம் பெற்றார். அந்த நிலையில் அவருக்கு முன்னே இருந்த கொரிய வீராங்கனையிடமிருந்து அவர் பின்தங்கியது 0.1 புள்ளி. இலக்கில் அது 0.8 மி.மீ.; முன்குறியில் அளந்தால், ஒரு தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை.